அவுரி பங்களாவின் முன்வாசல்

ஏஞ்சல் போராடி ஜெயித்தவற்றைச் சொல்வதென்றால் முதலில் கரண்டியைச் சொல்ல வேண்டும். சாதாரணக் கொத்துக் கரண்டிதான். காஞ்சிபுரத்தில் எந்த இரும்புக் கடையிலும் தொங்கும். ஆனால் கட்டட வேலைக்குப் போகிற பெண் அதைக் கழுவலாம், துடைத்து வைக்கலாம், பிடித்துக் கல் வைக்கக் கூடாது. வருஷக்கணக்கில் தலையில் கலவைப் பாண்டு சுமந்த பிறகு அவள் அதைப் பிடித்தாள். அடுத்து சாரம். பொம்பளை சாரத்தில் ஏறினால் கீழே நிற்கிறவர்களுக்கு ஆகாதாம். அவள் சேலைக்கு உள்ளே பேன்ட்டும் மேலே ஆண் சட்டையும் போட்டுக்கொண்டு ஏறினாள். அடுத்து டீ. சித்தாளுக்கு டீ கடைசியில்தான் வரும், ஏடு படிந்து ஆறிப்போய். கொத்தனார்களோடு உட்கார்ந்து சூடாகக் குடிக்கிற இடத்தை அவள் பிடித்தாள். பிறகு கொத்தனார் கூலி. பிறகு ஒரு முழுச் சுவர், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகாத சுவர். கடைசியாக, அவுரி பங்களாவின் முன்வாசல் வளைவு.

இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் அவளுடைய அக்கா அன்னம்மாளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அன்னம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். எட்டாவது வரை படித்தவள். அரிசியில் ஒரு கல் கிடந்தாலும் மொத்தத்தையும் திரும்பக் கொட்டிப் புடைக்கிற பிடிவாதக்காரி. போர்டு, சுவரொட்டி, மருந்துச் சீட்டு என்று கண்ணில் பட்டதை எல்லாம் கடைசி எழுத்து வரை படித்துவிடுவாள். தங்கை ஏஞ்சலோ இரண்டாவதோடு நின்றுவிட்டாள். அப்பா தேவசகாயம் செங்கல் காளவாயில் வேலை செய்தவர். காளவாய் முதலாளி குடும்பத்துக்கே முன்பணம் கொடுத்திருந்ததால், நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் கல் சுமக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தான். பெரியவள் அதற்கு முன்பே மிஷன் விடுதிக்குப் போய்விட்டாள். சின்னவள் மாட்டிக்கொண்டாள்.

ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் அந்தப் பங்களா நிற்கிறது. முன்பக்கம் முழுக்கச் செங்கல், பூச்சு கிடையாது. நூற்றைம்பது வருஷ வெயில் குடித்த கருஞ்சிவப்பு. ஆற்றில் வெள்ளம் வந்தாலும் உள்ளே ஏறாதபடி ஆள் உயரத்துக்கு அஸ்திவாரம் தூக்கி, அதன்மேல் நான்கு பக்கமும் தாழ்வாரம் ஓட்டியிருக்கிறார்கள். தாழ்வாரத் தூண்களைப் பார்த்தால் கருங்கல்லைக் கடைந்த மாதிரி இருக்கும். கல் இல்லை. பிறை பிறையாக அறுத்துச் சுட்ட செங்கல்லை வட்டமாக அடுக்கி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பு பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கியது. தேக்கு உத்தரங்களின்மேல் சின்னச் செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திவைத்துக் கட்டிய மெத்தைத் தளம். அந்தத் தளத்தைப் பெண்கள் வரிசையாகக் குந்தி, கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டித்தான் இறுக்கினார்கள். முன்னால் குதிரை வண்டி வந்து நிற்க ஒரு மண்டபம், அதற்குப் பெரிய வளைவு, வளைவின் நெற்றியில் சுண்ணாம்பில் செய்த ஒரு முட்டை வட்டம். வட்டத்துக்குள் 1877 என்ற எண்ணும் இரண்டு இங்கிலீஷ் எழுத்தும்.

எழுத்து ஹார்ட்லி துரையுடையது. சுற்று வட்டாரத்தில் அவுரி பயிர் செய்யவைத்து, நீலச் சாயக்கட்டி காய்ச்சிக் கப்பலில் அனுப்பினவன். வருஷம் தாது வருஷப் பஞ்சம் நடந்த வருஷம். ஊர் ஊராக ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது துரைக்கு மாளிகை கட்ட ஆசை வந்திருக்கிறது. கூலியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கஞ்சி ஊற்றினால் போதும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்னம்மாளின் கொள்ளுப்பாட்டன் தலைமுறையில் நிலமில்லாத கூலி ஜனம் முழுவதும் ஆற்றங்கரையில் மண் மிதித்துக் கல் அறுத்தது. இதை அவர்களுடைய அப்பா சொல்லுவார். சொல்லிவிட்டுப் பின்புறச் சுவரில் சில கற்களைக் காட்டுவார். ஈரக் கல்லைத் தூக்கிவைத்தபோது பதிந்த விரல் தடம் அவற்றில் இருக்கிறது. சில தடங்கள் மிகச் சின்னவை.

வரவேற்பறைச் சுவரின் மேல்பக்கத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. உள்ளே துரை சாப்பிட, வெளியே பின் தாழ்வாரத்தில் ஒருவன் உட்கார்ந்து, அந்த ஓட்டை வழியாக வருகிற கயிற்றை இழுத்து, உள்ளே கூரையில் தொங்குகிற பங்கா விசிறியை வீச வேண்டும். காற்று வேண்டும், ஆனால் காற்று வீசுகிறவன் கண்ணில் படக் கூடாது. அதற்கென்றே சுவர் கட்டும்போதே விட்ட ஓட்டை. செயற்கைச் சாயம் வந்து அவுரி விழுந்ததும் துரையின் வாரிசுகள் விற்றுவிட்டுப் போனார்கள். வீடு ஒரு நெல் மண்டிக்காரரிடம் இருந்தது, பிறகு பூட்டிக் கிடந்தது. கடைசியில் பட்டுச் சேலை வியாபாரத்தில் கொழித்த வேலாயுதம் வாங்கினார். கை எத்தனை மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. தேவசகாயம் குடும்பத்துக்கு அந்த வீட்டில் தெரிந்ததெல்லாம் பின்வாசல். கூலி வாங்கப் பின்வாசல், விறகு போடப் பின்வாசல்.

வேலாயுதம் அதைக் கல்யாணக் கூட்டமும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து தங்குகிற விடுதியாக்க நினைத்தார். "எல்லாம் பழசு மாதிரியே இருக்கணும்" என்று சொல்லி வேலையைக் கோதண்டபாணி மேஸ்திரியிடம் கொடுத்தார். முன்வாசல் வளைவில் அரசங்கன்று வேர்விட்டு, வளைவு இரண்டாகப் பிளந்திருந்தது. மேலே இருக்கிற முட்டை வட்டத்தை அண்டைக்கொடுத்து நிறுத்திவிட்டு, வளைவைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். கோதண்டபாணியிடம் இருந்த கொத்தனார்கள் சிமென்ட்டில் கை தேர்ந்தவர்கள். சுண்ணாம்பு என்றதும் சென்னைப் பக்கம் வேலை இருக்கிறது என்று நழுவினார்கள். மிஞ்சியது, கொத்தனார் கூலி வாங்கியும் சித்தாள் வேலையாகச் சுண்ணாம்பு அரைத்துக் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஏஞ்சல்தான். பின்கட்டில் இடிந்த சுவரை அவள் எழுப்பியிருந்ததை மேஸ்திரி பார்த்திருந்தார்.

"ஆர்ச்ச நீ ஏத்து. நான் கீழ நின்னு பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பார்த்தது செல்போனைத்தான். பழைய கல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்து ஆப்பு வடிவமாக்கியது ஏஞ்சல். வளைவு இறுகும்வரை தாங்குகிற மர சென்ட்ரிங்கின்மேல் இரண்டு பக்கமும் சமமாக ஏற்றிக்கொண்டு வந்தது ஏஞ்சல்.

இந்த ஊர்ப் பழைய கொத்தனார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வளைவை மூடிச் சுண்ணாம்பு இறுகிய பிறகு, சென்ட்ரிங்கைத் தட்டி எடுக்கிற அன்று, கட்டினவன் அதற்கு நேர் அடியில் போய் நிற்க வேண்டும். முட்டு விலகி, பாரம் முழுவதும் வளைவின்மேல் இறங்குகிற அந்த நேரத்தில் தன் தலையையே பணயம் வைக்க வேண்டும். வளைவு நின்றால், அதன் நெற்றியில் ஒரு கை சுண்ணாம்பு அப்பி, ஈரத்தில் கரண்டி முனையால் தன் பேரையும் தேதியையும் கீறிக்கொள்ளலாம். கான்கிரீட் வந்த பிறகு இதையெல்லாம் யாரும் செய்வதில்லை. பேர் கீறுகிற அந்த உரிமையைத்தான் ஏஞ்சல் மனதுக்குள் வைத்திருந்தாள். அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

"ஒனக்குத்தான் எழுத வராதே?"

"ஓட்டு கார்டுல இருக்குதில்லக்கா என் பேரு. அதப் பாத்துப் பாத்து மண்ணுல கீறிப் பழகிட்டேன். அந்த 'ஞ'தான் சுத்திக்கினே போவுது."

வங்கியில், ரேஷன் கடையில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், எங்கும் ஏஞ்சல் வைத்தது கைநாட்டுதான். அவள் புருஷன் கமல் சென்ட்ரிங் தச்சன். எங்கோ ஒரு கட்டடத்தில் முட்டுக்கட்டைகளை முன்கூட்டியே எடுக்கச் சொன்னார்கள். தளம் அவன்மேல் இறங்கியது. அவன் உடம்பை வாங்கியபோதும் அவள் வைத்தது கட்டைவிரல்தான்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை, வளைவின் உச்சியில் அதை மூடுகிற கடைசிக் கல், சாவிக்கல், ஏறவேண்டிய நாள். அன்னம்மாள் தங்கைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். ஏஞ்சல் சாரத்தில் நின்று சாவிக்கல்லை இறக்கி, கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் கார் சத்தம் கேட்டது. வேலாயுதமும் ஒரு போட்டோக்காரரும் இறங்கினார்கள்.

அடுத்து நடந்ததை அன்னம்மாளால் தடுக்க முடியவில்லை. சத்தம் கேட்டதும் ஏஞ்சல் சரசரவென்று சாரத்திலிருந்து இறங்கினாள். கரண்டியை மேஸ்திரி கையில் கொடுத்தாள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, காலிப் பாண்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். யாரும் சொல்லவில்லை. முதலாளி வந்தால் சித்தாள் செய்வது அதுதான். அத்தனை வருஷம் செய்தது, அன்றைக்கும் தானாக நடந்துவிட்டது.

கோதண்டபாணி கரண்டியோடு ஏறினார். வளைவுக்குப் பக்கத்தில் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் போஸ் கொடுத்தார்.

"எங்கப்பாரு காலத்துல இப்படி ஆர்ச்சு மூடினா, சென்ட்ரிங் எடுக்கும்போது கட்டினவரே அடியில நிப்பாருங்க. நின்னுட்டுத்தான் பேரு கீறுவாரு."

"ஆகா! அதையும் செஞ்சிடுங்க மேஸ்திரி. வீடியோவா எடுத்துப் போட்டா பிச்சிக்கும்" என்றார் வேலாயுதம்.

கார் போனதும் அன்னம்மாள் வெடித்தாள்.

"ஏன்டி எறங்கின?"

"கார் சத்தம் கேட்டுச்சா... காலு தானா எறங்கிடிச்சிக்கா."

"காலு எறங்கட்டும். கரண்டிய இன்னாத்துக்குடி குடுத்த? அந்தாளு கேட்டாரா? கை நீட்டுனாரா?"

ஏஞ்சல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இல்ல" என்றாள்.

"துரை ஓட்ட போட்டு வச்சான், நம்ம ஆளு மூஞ்சி தெரியக் கூடாதுன்னு. ஒனக்கு ஓட்டையே வேணாம்டி. நீயே போயி ஒளிஞ்சிக்கிற."

சொன்ன பிறகு தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்தும் அன்னம்மாளுக்குக் கோபம் ஆறவில்லை. அது தங்கைமேல் பட்டுத் தெறித்தாலும் தங்கைக்கு உரியது அல்ல. யாருக்கு உரியதோ அவர்கள் நூற்றைம்பது வருஷமாக வரிசையாக நின்றார்கள். எவனைப் பிடித்து உலுக்குவது?

அடுத்த வாரமே வாசலில் பெரிய போர்டு வந்துவிட்டது. அன்னம்மாள் அதை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்தாள். ஹார்ட்லி துரை கட்டிய மாளிகையாம். ஒரு கல் தூக்கியிருப்பானா அவன்? சுவரில் இருப்பது பழங்காலக் காற்றுத் துளையாம். முன்வாசல் வளைவு, பரம்பரை மேஸ்திரி கோதண்டபாணியின் கைவண்ணமாம். பக்கத்தில் படம். கரண்டி பளபளத்தது. அவர் சட்டையில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு இல்லை.

ஏஞ்சல் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டாள்.

"மேஸ்திரி, ஆர்ச்சுல பேரு நான் கீறிக்கட்டுமா?"

கோதண்டபாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, ஏஞ்சல்னு போட்டா இதையும் வெள்ளைக்காரன்தான் கட்டினான்னு சொல்லிடுவானுங்கம்மா!"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்னம்மாள் நேராக வேலாயுதத்திடமே போனாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார்.

"கேட்டதுல தப்பில்லம்மா. உழைச்ச பொண்ணு. பின்னால சமையக்கட்டுச் சுவத்துல எழுதிக்கட்டும், நானே சொல்றேன். முன்னால வேணாம். வர்றவங்க கேப்பாங்க, பதில் சொல்லிக்கினு இருக்கணும்."

"இன்னா பதில் சொல்லணும்? கட்டினவ பேருன்னு சொல்லுங்க."

"உங்களுக்குப் புரியாதும்மா."

நன்றாகப் புரிந்தது. மறுபடியும் பின்வாசல். அன்னம்மாள் அந்த நாற்காலியில் உட்காராமலே திரும்பி வந்தாள். வழி முழுக்க ஏசிக்கொண்டே நடந்தாள். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

சென்ட்ரிங் எடுக்கிற வெள்ளிக்கிழமை வந்தது. அன்னம்மாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். வேலாயுதமும் அவர் மனைவி கமலவேணியும் பட்டில் வந்திருந்தார்கள். விருந்தாளிகள் நாற்காலியில் இருந்தார்கள். வீடியோக்காரன் வளைவுக்கு எதிரே காமிராவை நிறுத்தியிருந்தான். மேஸ்திரி சலவை வேட்டியும் பட்டுத் துண்டுமாக வந்தார். கற்பூரம் காட்டியாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. தச்சர் ஜெயக்குமார் முட்டுகளைத் தட்டச் சம்மட்டியோடு தயாராக நின்றார்.

"வாங்க மேஸ்திரி, அடியில வந்து நில்லுங்க" என்றான் வீடியோக்காரன்.

கோதண்டபாணி நான்கு அடி நடந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே வண்டிப் பாரம் செங்கல். ஒவ்வொரு கல்லும் எப்படித் தேய்த்தது, எந்த இணைப்பில் சுண்ணாம்பு எவ்வளவு போனது, சாவிக்கல் அடிவரை இறங்கியதா இல்லையா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை. அதற்குள் ஏதோ லேசாகக் கிறீச்சிட்டது. மரம்தான். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

ஏஞ்சலிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நல்லா எறுகிச்சா அது?"

"எறுகிச்சி மேஸ்திரி. பயப்படாம நில்லுங்க" என்றாள் ஏஞ்சல்.

அன்னம்மாளுக்குத் தலைக்கு ஏறியது. இப்போதும் கொடுக்கிறாளே! எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அவள இன்னா கேக்கறீங்க மேஸ்திரி? உங்க ஆர்ச்சுதானே! போர்டுலயே போட்டுக்கீதே. போயி நில்லுங்க!"

விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். கோதண்டபாணி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"காத்தால மாத்திர போட்டேன்... சுகர் எறங்கின மாதிரி இருக்குதுங்க. கிறுகிறுன்னு வருது."

"ரெண்டு லட்டு துன்னுட்டுப் போயி நில்லுப்பா" என்றார் ஜெயக்குமார் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு. பின்னால் சித்தாள்கள் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. மேஸ்திரி உட்காரத் தோதாக ஒரு செங்கல் அடுக்கைத் தேடினார்.

"அப்ப யாருதான் நிக்கிறது?" என்றார் வேலாயுதம் எரிச்சலாக. காமிரா ஓடிக்கொண்டிருந்தது.

ஏஞ்சல் தலையிலிருந்து சும்மாட்டை எடுத்துக் கீழே போட்டாள். அவள் எங்கே போகிறாள் என்று புரிந்ததும் அன்னம்மாளுக்கு அதுவரை இருந்த வீறாப்பெல்லாம் கழன்றது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வேணாம்டி. பேரும் வேணாம் மண்ணும் வேணாம். கமலு போனது பத்தாதா?"

ஏஞ்சல் அக்காவின் விரல்களைப் பிரித்தாள். "அது நான் கட்டினதில்லக்கா" என்றாள்.

போய் நின்றாள். நடுவில், சாவிக்கல்லுக்கு நேர் கீழே, முன்வாசலைப் பார்த்தபடி. ஜெயக்குமார் ஒரு கணம் தயங்கினார். அவரும் கமலோடு வேலை பார்த்தவர். "தட்டுங்கண்ணே" என்றாள் அவள்.

முதல் முட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதற்கு மரச்சட்டம் அரை விரல் இறங்கி, வளைவுக்கும் அதற்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மேலே எங்கோ கற்கள் ஒன்றோடொன்று நெருங்கி உட்காருகிற சத்தம், கனத்த ஆள் கட்டிலில் புரண்டு படுக்கிற மாதிரி. ஏஞ்சலின் தலையிலும் தோளிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி கொட்டியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

கடைசி முட்டும் விழுந்தது. சட்டத்தை உருவி வெளியே போட்டார்கள். வளைவு நின்றது.

சித்தாள்கள் கத்தின கத்தில் தென்னைமரத்துக் காக்கைகள் கிளம்பின. விருந்தாளிகள் எழுந்து கை தட்டினார்கள். ஏஞ்சல் அங்கிருந்து நகரவில்லை. செங்கல் அடுக்கில் உட்கார்ந்திருந்தவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கரண்டி குடுங்க மேஸ்திரி."

போட்டோவுக்காகக் கொண்டுவந்திருந்த பளபளக் கரண்டியை அவர் எழுந்து வந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு சாரத்தில் ஏறினாள்.

"ஏஞ்சல், அது வந்து... பின்னால..." என்று வேலாயுதம் ஆரம்பித்தார். கமலவேணி அவர் கையைத் தட்டி, கண்ணால் காமிராவைக் காட்டினாள். அவர் சிரித்தபடி நின்றார். இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அந்தப் பேரைத் தானே முன்வந்து போடச் சொன்னதாகத்தான் சொல்கிறார். போர்டும் மாறவில்லை. மேஸ்திரி அதில் இன்னும் தலை சாய்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அன்னம்மாள் நின்று அதைப் படிக்கிறாள், படித்துவிட்டுச் சத்தமாகக் காறித் துப்புகிறாள். யார் கேட்டாலும் கேட்கட்டும்.

ஆனால் போர்டு தகரம். வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கிறது.

ஏஞ்சல் ஒரு கை சுண்ணாம்பை எடுத்து, துரையின் முட்டை வட்டத்துக்கு நேர் கீழே, சாவிக்கல்லின்மேல் அப்பித் தடவினாள். கரண்டி முனையை வைத்தாள். முதலில் அப்பாவுக்காக ஒரு 'தே', ஒரு புள்ளி. பிறகு 'ஏ'. 'ஞ' வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு போனது. அவள் விடவில்லை, இழுத்துக் கொண்டுவந்து முடித்து, தலையில் புள்ளி குத்தினாள். பிறகு 'ச'. பிறகு 'ல்'. கீழே நின்ற அன்னம்மாள் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பிழை இல்லை. வழக்கப்படி அதன் அடியில் தேதி வர வேண்டும். ஏஞ்சல் கரண்டியை ஒருமுறை துடைத்துவிட்டு, அதையும் கீறினாள்.

17-2-2023.